போன் நம்பரை நம்பலாமா?

ரயில்வே சிக்னல் பிரிவில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பும்போது, ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் 'பிரைவேட் நம்பர்' சொல்லி உறுதி செய்வதுண்டு. சொன்னவுடன் பட்டியலில் அந்த எண்ணை அடித்துவிட வேண்டும். மறுபடி அது உதவாது. ஆனால் யார் சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பது பதிவேட்டில் நிற்கும். நாளை ஏதாவது நேர்ந்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

மோசடிக்காரர்களும் இன்று எண்களை உபயோகித்துவிட்டுத் தூக்கி எறிகிறார்கள். ஆனால் ஏட்டில் இருப்பது வேறு யாரோ ஒருவர் பெயர்!

இங்கே நாக்பூரில், என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்குச் சென்ற நவம்பரில் போன் வந்தது. "ஐயா, சௌக்கியமா? உங்க லைஃப் சர்டிபிகேட் இன்னும் வந்து சேரலை. பென்ஷன் நின்னுடும்" என்று தமிழில் கனிவாகப் பேசினான் ஒருவன். பதறிப்போன நண்பர் செல்போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைப் படித்துச் சொன்னார். கணக்கிலிருந்து 90,000 ரூபாய் போயிற்று.

"நம்பர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பிடித்துவிடலாம்" என்று தைரியமாகத்தான் போலீசுக்குப் போனார். அந்த எண் அன்று மாலையே அணைந்துவிட்டது. விசாரித்ததில், சிம் கார்டு வேறு மாநிலத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் பெயரில் இருந்தது. அவருக்கு விஷயமே தெரியாது.

இது எப்படி நடக்கிறது? சிம் வாங்கப் போகும் ஏழையிடம், "கைரேகை சரியாகப் பதியவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்பான் கடைக்காரன். இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம் உயிர் பெற்றுவிடும். அது கை மாறி மோசடிக் கும்பலிடம் போய்ச் சேரும். 'சிம் பாக்ஸ்' என்ற கருவி ஒன்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட் வழியாக வரும் அழைப்பை, உள்ளூர் எண்ணிலிருந்து வருவதுபோல் அது மாற்றிக் காட்டும். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி, ஏமாற்றி சிம் பெறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் ஆள் அகப்பட்டால்தானே தண்டனை!

ஆகவே, திரையில் தெரியும் எண் பேசுபவரின் அடையாளம் அல்ல. போனை வைத்துவிட்டு, பாஸ்புக்கில் உள்ள வங்கி எண்ணுக்கு நாமே பேசுவதுதான் சரி. லைஃப் சர்டிபிகேட்டுக்காக எந்த அலுவலகமும் போனில் ஓ.டி.பி. கேட்பதில்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. நண்பர் மகனுக்குத் தெரியக்கூடாதென்று இரண்டு நாள் மறைத்தார். அந்த இரண்டு நாளில் எல்லாம் கைமீறிவிட்டது.

இன்னொன்று. அந்தக் கூலித் தொழிலாளியின் நிலை நமக்கும் வரலாம். அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் செல் எண்ணைக் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று தெரியும். நீங்கள் வாங்காதது இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து இன்றே பார்த்துவிடுங்கள்.

நண்பர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் மனதை அறுக்கிறது: "இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் எந்த ஆபீசிலிருந்து நமக்குத் தமிழில் போன் வந்திருக்கிறது? அந்தச் சந்தோஷத்திலேயே பாதி ஏமாந்துவிட்டேன்."

தாய்மொழி கேட்டால் நெஞ்சு குளிரட்டும். லைன் கிளியர் மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.