கட்டைப்பையில் ஒரு கண்மணி!

தோழனே!

தஞ்சையிலே ஒரு தாய். இராசா மிராசுதார் அரசு மருத்துவமனையிலே, 2021 அக்டோபர் திங்களில், பெண் மகவை ஈன்று நான்கு நாள் ஆகிறது. ஒருத்தி வந்தாள். பேசினாள், பழகினாள், உறவுக்காரி போல் உதவினாள். தாய் குளிக்கச் சென்றாள். குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள் வந்தவள். தாய் திரும்பினாள். படுக்கை இருந்தது, பச்சிளங்குழந்தை இல்லை!

அவள் கத்தியைக் காட்டினாளா? இல்லை, கனிவைக் காட்டினாள்! சுவரேறிக் குதித்தாளா? இல்லை, கட்டைப்பையிலே குழந்தையை வைத்து வாயில் வழியாகவே நடந்தாள். காமிராவின் கண் அவளைக் கண்டது. காவல்துறை பட்டுக்கோட்டையிலே குழந்தையை மீட்டது. மறு ஆண்டே, 2022 சூலையில், பொள்ளாச்சி அரசு மருத்துவமனையிலிருந்து களவு போன சிசுவைப் பாலக்காட்டுப் பக்கம் சென்று மீட்க வேண்டியிருந்தது.

தஞ்சைக் கதை இத்தலாருக்கு எதற்கு என்கிறாயா? சொல்கிறேன் கேள்.

உதகையிலே 2025 ஏப்ரல் 6இல் 700 படுக்கை கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. சிக்கலான பேறு என்றால் மலையிறங்கிக் கோவைக்கு ஓடிய மக்களுக்கு அது பெரும்பேறு. ஆனால், ஊரிலே எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும்; 700 படுக்கைக்கு நடுவே யார் உறவு, யார் களவு என்று யாருக்குத் தெரியும்? தஞ்சையிலே கட்டைப்பை, இங்கே கம்பளி! கொட்டும் குளிரிலே கம்பளிக்குள் எதை அணைத்துச் செல்கிறாய் என்று எவர் கேட்பார்?

சீமான் வீட்டுப் பெண்ணுக்குத் தனியறை உண்டு, தாதி உண்டு. உன் துணைவிக்கு யார் உண்டு? இலை பறிக்கப் போகாவிட்டால் கூலி போகுமே என்று நீ தோட்டத்திலே நிற்கிறாய். அவள் வார்டிலே தனியாகக் கிடக்கிறாள். மத்திய அரசு ஊழியர் தந்தையானால் 15 நாள் சம்பளத்தோடு விடுப்பு. தனியார் தோட்டத்திலே உழைக்கும் தந்தைக்கு அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை! தனித்திருக்கும் தாயைத் தேடித்தானே திருட்டுக் கனிவு வருகிறது?

ஆகவே, தோழனே, இதை மனத்திலே எழுதிக்கொள். தாயோ மாமியோ அக்காளோ, உறவுப் பெண் ஒருத்தி இரவும் பகலும் உடனிருக்கட்டும். தாய் கையிலும் சேய் கையிலும் கட்டும் அடையாளப் பட்டையில் எண் ஒன்றுதானா என்று பார். வீடு திரும்பும் வரை அதைக் கழற்றாதே. தடுப்பூசி என்றோ, சோதனை என்றோ குழந்தையைக் கேட்டால், கேட்பவர் யார் என்று நர்ஸ் அம்மாளிடம் உறுதி செய். நீயும் கூடப் போ. உதவித்தொகை வாங்கித் தருகிறேன், கையெழுத்துப் போட வா, குழந்தை என்னிடம் இருக்கட்டும் என்பவளை நம்பாதே. காணோம் என்றால் கலங்கி நிற்காதே. வாயிலை அடைக்கச் சொல், 112க்கும் 1098க்கும் பேசு. ஒவ்வொரு நிமிடமும் ஒரு மைல்!

தாய் விழிப்பாக இருந்தால் போதுமா? போதாது! கீறிய வயிற்றோடு கிடப்பவளா காவல்காரி? பிறந்த குழந்தை மருத்துவமனையிலிருந்து கடத்தப்பட்டால், முதல் நடவடிக்கையாக அந்த மருத்துவமனையின் உரிமத்தையே நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. காவல் என்பது கருணை அல்ல, கடமை! தர்ம ஆஸ்பத்திரி என்று சொல்லித் தலை குனியாதே. உன் வரிப்பணத்திலே எழுந்த மாளிகை அது. வாயிலிலே காவலர் எங்கே, காமிரா வேலை செய்கிறதா, குழந்தையோடு வெளியேறுவோரின் சீட்டைப் பார்க்கிறார்களா என்று கேள். பணிவாகக் கேள், ஆனால் கேட்காமல் வராதே!

இன்னொன்றும் உண்டு. பிள்ளை இல்லாதவளை 'மலடி' என்று ஏசும் நாக்கும் இந்தக் களவுக்குத் துணை போகிறது. அந்த வசைக்கு அஞ்சித்தான் திருட்டுக் குழந்தைக்கும் விலை பேசுகிறார்கள். சட்டப்படி தத்தெடுக்க வழி இருக்கிறது. அந்த வழியைக் காட்டு. அந்த நாக்கை அடக்கு.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலே ஒருத்தி பேறுக்குப் போனால், அவள் கணவனின் வேலையை இரண்டு நாள் பகிர்ந்துகொள்ளுங்கள். அவன் அவள் அருகே இருக்கட்டும். மேடையிலே நாம் பேசும் நாளைய தமிழகம், இன்று அந்த வார்டிலே கண்மூடித் தூங்குகிறது. நாம் விழித்திருப்போம்!