முருகைக்கல்லும் அழையா விருந்தினரும்

கல்லூரி விலங்கியல் ஆய்வுகூடத்துக் கண்ணாடி அலுமாரியிலே வெள்ளெலும்பு போன்ற முருகைக்கல்லொன்று இருந்ததைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். அஃது உயிர் நீங்கிய கூடு. உயிரோடிருக்கும் முருகையோ பச்சை, ஊதா, கபிலம் எனப் பல நிறங் காட்டுவது. தன் இடுக்குகளிலும் அடிக்கல்லிலும் ஓர் ஊரையே குடியிருத்தி வைத்திருப்பது. அதன் துண்டொன்றை வாங்கிக் கடல்நீர்த் தொட்டியில் வைப்பவர் அவ்வூரையும் உடன் வாங்குகின்றார். குளிர்நாடொன்றில் வாழ்ந்து, சில ஆண்டுகளாக இத்தகைய தொட்டியொன்றைப் பேணிவரும் நாம், அவ்விருந்தினரை இனங்காணத் தவறியதனால் இழந்தவற்றையும் கற்றவற்றையும் இம்மலரில் எழுதத் துணிந்தோம். (இலங்கைக் கடலில் உயிர் முருகையைப் பெயர்த்தெடுத்தல் சட்டப்படி குற்றமாகும் என்பதை இன்றைய மாணவருக்கு முதற்கண் கூறிவைக்கின்றோம். நாம் குறிப்பிடுபவை தொட்டிகளிலே வெட்டி வளர்க்கப்பட்ட துண்டுகள்.)

முதற் பிழை ஒரு நண்டைப் பற்றியது. பொசிலோபோரா என்னும் கிளைமுருகையின் நடுவே, விரல்நகத்திற் பாதியளவான நண்டொன்று பதுங்கியிருந்தது. நண்டு என்றதும் கள்வன் என முடிவு கட்டி, ஊசியாற் குத்தி வெளியேற்றிவிட்டோம். அது திரப்பீசியா என்னும் இனம் எனப் பின்னரே அறிந்தோம். முருகை சுரக்கும் சளியை உண்டு அதனிடையே வாழும் இந்நண்டு, அதன்மேற் படியும் மணலை அகற்றுகின்றது. முருகையைத் தின்னவரும் முட்கிரீட நட்சத்திரமீனின் குழாய்க்கால்களைக் கிள்ளித் துரத்துகின்றது. ஊதியம் பெறாத காவலாளனை நாமே கொன்றோம்.

அடையாளம் கடினமன்று. ஓடு வழுவழுப்பாய்ப் பளபளத்து, உயிருள்ள கிளைகளுக்கிடையே குடியிருப்பது பெரும்பாலும் நண்பன். உடல் முழுதும் மயிர் செறிந்து, இடுக்கிகளின் நுனி கறுத்து, கிளையை விட்டு அடிக்கல்லின் துளையில் ஒளிப்பதாயின் அதனை ஐயுற்று வேறாக்குதல் நன்று.

இரண்டாம் பிழை இன்னும் பெரிது. அடிக்கல்லின் ஓரத்தில், கண்ணாடி போன்ற கபிலநிறத் தண்டும் கூரிய நீண்ட உணர்கொம்புகளும் உடைய சிறு பூவொன்று விரிந்திருந்தது. அழகாயிருந்தமையால் விட்டுவைத்தோம். அது ஐப்தேசியா என்னும் கடல் அனிமனி. அண்டையிலிருந்த முருகையைக் கொட்டிக் கருகச் செய்த பின்னர், சினங்கொண்டு கத்தியாற் சுரண்டினோம். இவ்வுயிரின் அடிப்பாதத்திற் சிறு துணுக்கொன்று எஞ்சினாலும் அது முழு அனிமனியாக வளரும். ஒன்றைச் சுரண்டியவர் சில வாரங்களில் முப்பதை எண்ணினோம்! பேர்கியா என்னும் ஓடற்ற கடல்நத்தை இதனையன்றிப் பிறிதொன்றை உண்ணாது. அதனைக் கொணர்ந்துவிட்டே ஓரளவு மீண்டோம்.

மயிர்ப்புழுக்களைக் கண்டு அஞ்சுவோர் பலர். கையுறையின்றித் தொட்டால் அவற்றின் மயிர்கள் தோலில் முறிந்து ஏறிக் கடுப்பைத் தரும் என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலானவை மீன் தின்னாதுவிட்ட உணவையும் இறந்தவற்றையும் உண்ணும் துப்புரவாளர். யூனிசே என்னும் வகை வேறு; தலையில் ஐந்து உணர்கொம்புகளும் கத்தரி போன்ற தாடைகளும் உடையது. இங்கிலாந்தின் நியூகீ நகரத்து நீருயிர்க் காட்சிச்சாலையில் முருகைகள் இரவோடிரவாக அறுபட்டன. வைத்த பொறிகளும் பிய்க்கப்பட்டன. 2009இல் ஊழியர் கற்களை ஒவ்வொன்றாக அகற்றியபோது, ஏறத்தாழ நாலடி நீளமான யூனிசே ஒன்று வெளிப்பட்டது. குஞ்சாகக் கல்லோடு வந்து, யாருங் காணாமல் வளர்ந்திருந்தது.

எனினும் எம்மை மிக அஞ்சவைப்பது நாலடிப் புழுவன்று. அக்ரொபோரா முருகையைத் தின்னும் தட்டைப்புழு தானிருக்கும் முருகையின் நிறத்தையே பெற்றுக் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனைக் காணுமுன் அதன் கடியைக் காணலாம்: தோலில் வட்டவட்டமான வெளிறிய புள்ளிகள். தண்டின் அடியில், தசை நீங்கிய வெண்பகுதியிலே கபிலநிற முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். தொட்டிகளில் அழிவு செய்த இப்புழு 2011இலேயே விஞ்ஞானப் பெயர் பெற்றது. கடலில் அஃது உண்டென்று அவுஸ்திரேலியப் பெருந்தடைப்பாரிற் கண்டறிந்தது 2012இல். தொட்டிக்காரர் அறிந்த பகையை விஞ்ஞானிகள் கடலிற் காணப் பின்னாயிற்று என்பது வியப்பன்றோ?

அயடீன் முதலியன கலந்த நீரில் முருகையைச் சிறிது நேரம் அமிழ்த்தி அலைத்தால் வளர்ந்த புழுக்கள் உதிரும், முட்டைகளோ சாகா. ஆதலாற் கைவில்லைகொண்டு அடித்தண்டைப் பார்த்து, முட்டையைச் சுரண்டியெடுத்து, கூடுமாயின் பழைய அடிக்கல்லையே வெட்டியெறிந்து, துண்டைத் தனித்தொட்டியிற் சில வாரம் வைத்தல் வேண்டும். முட்டை பொரித்துப் புதுப்புழு தோன்றுகின்றதா எனப் பார்ப்பதற்கே இக்காத்திருப்பு.

அப்படியாயின் வந்த யாவற்றையும் நஞ்சிட்டுக் கொன்றுவிடலாமே என ஒருவர் எம்மிடம் கேட்டார். யக்கார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், உயிர்ப்பாறையும் காற்றுக்குமிழியுமே கொண்டு கடல்நீர்த் தொட்டியை நடத்தும் முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். கல்லில் வாழும் பற்றீரியாக்களும் சிற்றுயிர்களுமே அங்கு நீரைத் தூய்மை செய்வன. அவற்றைக் கொன்றபின் எஞ்சுவது கல்லூரி அலுமாரியில் இருந்த அந்த வெள்ளைக்கல்தான்.

இரவிலே தொட்டியில் ‘டிக், டிக்’ என ஓசை கேட்டால், அது சிப்பியை அடித்துடைக்கும் கும்பிடு இறாலாகவும் இருக்கலாம், இடுக்கியைச் சொடுக்கும் தீங்கற்ற வெடியிறாலாகவும் இருக்கலாம். ஓசையை மட்டும் நம்பித் தண்டனை விதித்தல் தகாது. மின்சூளுக்குச் சிவப்புத்தாள் சுற்றிப் பார்த்தால், இத்தகைய உயிர்களிற் பல ஒளியை உணராது வெளியே உலாவும். எமது அவதானங்களிற் பெரும்பாலானவை அவ்வாறு செய்தனவே.

இதனை எழுதும் இவ்விரவும் தனித்தொட்டியில் ஒரு பொசிலோபோராத் துண்டு இருக்கின்றது. கிளையிடுக்கில் இரு சிறு கண்கள் தெரிகின்றன. ஓடு வழுவழுப்பாகத்தான் தோன்றுகின்றது. ஊசியை நாம் கையில் எடுக்கவில்லை.