அமீன்கிட்ட எலக்ட்ரான் வாங்க பல்பு வெளிச்சம் போதுமா?

நிறைய மருந்து மூலக்கூறுகளில் அமீன் இருக்கு. அதோட நைட்ரஜனுக்குப் பக்கத்து கார்பனில் புதுசா ஒண்ணை ஒட்ட ஒரு வழி, முதல்ல அமீனை ஆக்சிடைஸ் பண்றது. அதுக்கு வீரியமான ஆக்சிடன்ட்டைக் கொட்டினா கழிவு சேரும், மூலக்கூறின் மற்ற பகுதிகளும் அடிபடலாம்.

2010-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கோரி ஸ்டீபன்சன் குழு வெளிச்சத்தை வெச்சு இதைச் செய்து காட்டியது. ஆனா இந்த அமீன்கள் பல்பு வெளிச்சத்தை உறிஞ்சாது. நடுவுல ஒரு ஆள் வேணும், இல்லையா? அதுதான் இரிடியம் கேட்டலிஸ்ட். ஒளியை வாங்கிக் கிளர்ந்த இரிடியம், நைட்ரஜன்கிட்ட இருந்து ஒரு எலக்ட்ரானை எடுக்கும். பக்கத்து கார்பன் ஹைட்ரஜனை இழந்து இமினியம் உருவாகும். அதில் நைட்ரோமீத்தேன் வந்து ஒட்டிக்கும்.

எடுத்த எலக்ட்ரானை ஆக்சிஜன் மாதிரி ஒண்ணுகிட்ட தள்ளிட்டா, இரிடியம் அடுத்த ரவுண்டுக்கு ரெடி. அதனால கொஞ்சமே போதும். இரிடியம் விலை அதிகம்தான். இயோசின் ஒய் மாதிரி சாயங்களும் இந்த வேலையைச் செய்யும்.