திரும்புகிற வள்ளத்தைக் கேட்டுவிட்டுப் போ

கார்த்திகை மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு பின்னேரம். கலியாண வீடொன்றுக்காகக் கொழும்பிலிருந்து வந்த தங்கச்சியின் மகள், பஸ் ஏறுவதற்கு முன் என் வீட்டில் ஒரு பிளேன்ரீ குடிக்க இருந்தாள். இஞ்சி தட்டிப் போட்டு, கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும் வைத்துக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து தாள் ஒன்றை எடுத்து விரித்தாள்.

“பெரியம்மா, மார்கழியில அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு வரப்போறன். சனி இரவு ரயில் எடுப்பம். திங்கள் காலமை நான் வேலைக்கு நிக்கவேணும். இடையில ஒரு ஞாயிறுதான். இவ்வளவும் பாக்கலாமோ?”

தாளில் ஆறு இடங்கள். கோணேசர் கோயில், பத்திரகாளி அம்மன் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், தம்பலகாமம் ஆதிகோணேசர், வெருகல் முருகன். கடைசியில் பென்சிலால் நிலாவெளிக் கடற்கரை. ஒவ்வொன்றும் போகவேண்டிய இடம்தான். ஆனால் கன்னியா வடமேற்கே எட்டுக் கிலோமீற்றர், தம்பலகாமம் தென்மேற்கே இருபதுக்கு மேல், நிலாவெளி வடக்கே, வெருகல் மட்டக்களப்பு வீதியில் பாதித் தூரம். நாலு திசைக்கும் ஒரே பகலில் பஸ் மாறி மாறி ஓடினால், கும்பிட்டது போக மிச்சம் பஸ் நிலையம்தான் நினைவில் நிற்கும். அதிலும் தங்கச்சிக்கு முழங்கால் நோ.

தாளை வாங்கித் திருப்பினேன். வெறும் பக்கத்தின் ஆக அடியில் ஒரு வரி எழுதினேன்: “ஞாயிறு இரவு, திரும்பும் ரயில்.”

“என்ன பெரியம்மா, முடிவிலயிருந்து தொடங்குறீங்கள்?”

இது என் அம்மா சொல்லித்தந்த பாடம். அம்மா கொட்டியாரக் குடாவின் அந்தப் பக்கத்து ஊர்க்காரி. மூதூரிலிருந்து வள்ளம் ஏறித்தான் கோணேசரிடம் வருவார்கள். மார்கழியில் வாடைக்காற்று எழும்பினால் குடா கொந்தளிக்கும், பின்னேர வள்ளம் ஓடாது. அதனால் இறங்குதுறையில் கால் வைத்ததும் அம்மா வாயில் வரும் முதல் கேள்வி, திரும்புகிற வள்ளம் எத்தனை மணிக்கு என்பதுதான். அதைக் கேட்டுக்கொண்டால்தான் கோயிலில் மனம் ஓரிடத்தில் நிற்கும் என்பாள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தபிறகு தெற்கிலிருந்து வருகிறவர்களுக்குத் தரைவழி சுலபமாகிவிட்டது. 396 மீற்றர் நீளம், திறந்தபோது நாட்டின் ஆக நீளமான பாலம் அதுதான். வள்ளத்தை நம்பியிருந்த காலம் போனாலும் அந்தக் கேள்வி இன்றைக்கும் பொருந்தும்.

ஆகவே அடியிலிருந்து மேலே ஏறினோம். ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே நிலையத்தில் நிற்கவேண்டும். அதற்கு முன் குளித்து, சாப்பிட்டு, ஈர உடுப்பைச் சுருட்டி வைக்க ஒன்றரை மணித்தியாலம். பகலில் கோயில் பூட்டினால் பெரும்பாலும் பின்னேரம் நாலு மணியளவில்தான் திறக்கும், ஆகவே கோட்டைக்குள் மலைமேல் இருக்கும் கோணேசர் கோயில் முற்பகலிலேயே முடியவேண்டும். முற்பகல் பூசைக்கு நிற்பதென்றால் கோட்டை வாசலிலிருந்து எப்போது நடக்கத் தொடங்கவேண்டும், அதற்கு எப்போது வீட்டை விட்டு வெளிக்கிடவேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எழுதினோம். தாளின் உச்சிக்கு வந்தபோது கையில் ஒன்றரை மணித்தியாலம் மிஞ்சியது. அதில் கன்னியாவைப் போடலாமோ என்று கேட்டாள். போடாதே என்றேன். அது மழைக்கு உரிய நேரம்.

மார்கழியில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திருகோணமலையைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் விஷயம் இந்த மழை. கொழும்புப் பக்கம் அப்போது ஓரளவு வெயில் பிடித்துவிடும். இங்கே வடகீழ்ப் பருவக்காற்று நேரே வந்து மோதும் காலம் அதுதான். எங்கள் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். உல்லாசப் பயணிகள் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருவது மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான். அதனால் மார்கழியில் தங்குமிடம் கிடைப்பது சுலபம்; உறவினர் வீடு இல்லாதவர்கள் குளிக்கவும் உடுப்பு மாற்றவும் அரைநாளுக்கு ஓர் அறை கேட்டுப் பார்க்கலாம். ரயில் இடம்தான் நெருக்கும். பள்ளிக்கூட விடுமுறையும் நத்தாரும் அதே நாட்களில் வருகின்றன. கிழமைக் கணக்கில் முன்கூட்டியே இருக்கை பதிந்துகொண்டு, புறப்படுவதற்கு முதல்நாள் ரயில் ஓடுகிறதா என்றும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நாட்டின் எத்தனையோ இடங்களில் தண்டவாளம் தண்ணீரோடு போனதைப் பார்த்தோம்.

இரண்டாவது விஷயம் வெளிச்சம். மார்கழியில் இங்கே சூரியன் எழும்ப ஆறேகால் தாண்டும். மாலை ஆறு மணியளவில் இருட்டத் தொடங்கிவிடும். கைவிளக்கு இல்லாமல் ஐந்து மணிக்கே மலைப்பாதையில் நடக்கிற யோசனை முழங்கால் நோக்காரருக்கு வேண்டாம்.

“அப்ப இந்த மழையிலயும் இருட்டிலயும் ஏன் எல்லாரும் மார்கழியில வாறவை?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குத் திருவெம்பாவைதான் விடை. திருவாதிரை நாளில் முடியும்படி பத்து நாட்கள் விடியப்புறப் பூசை நடக்கும். மாணிக்கவாசகரின் இருபது பாட்டும் ஓதப்படும். ஊருக்குள் சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் சங்கும் சேமக்கலமுமாகத் தெருத்தெருவாகப் பாடிப்போவார்கள். போர்வைக்குள் கிடக்கிற பிள்ளைக்கு, தூரத்தில் சேமக்கலம் கேட்டு, கிட்ட வந்து, வீட்டு வாசலைத் தாண்டி மறுபடி தூரமாகும். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் தங்கச்சி. அவள் கொழும்பிலிருந்து வர ஆசைப்படுவது அதற்காகத்தான். திருவாதிரை நட்சத்திரத்தைப் பொறுத்துத் திகதி ஆண்டுக்காண்டு மாறும், ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு இருக்கை பதியச் சொன்னேன். பூசை நேரத்தைக் கோயிலில் கேட்டு எழுதிக்கொள்ளவும் சொன்னேன்.

இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டு நடைக்கு வந்தோம். இவ்வளவு சுருக்கிய திட்டத்தில் நான் சுருக்க விடாத ஒன்று அது. ஓட்டோ கோயிலடி வரைக்கும் போகும். அம்மாவின் முழங்காலை நினைத்து அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். நேரம் குறைவென்றால் இடங்களை வெட்டு, நடையை வெட்டாதே என்றேன். கோட்டை வாசலில் இறங்கினால் கோயிலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். வேகமாக நடப்பவருக்குக் கால் மணித்தியாலம், தங்கச்சிக்கு முக்கால் மணித்தியாலம் வைப்போம். யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஒன்றரை மாதம் போல நடக்கிற பாதயாத்திரை அடியார்களும் வழியில் இந்தக் கோணேசரைக் கும்பிட்டுவிட்டே தெற்கே போகிறார்கள். அவர்களுடைய நூற்றுக்கணக்கான கிலோமீற்றரில் ஒரு கிலோமீற்றர் எங்களுக்கும் கிடைக்கிறது.

அந்த ஒரு கிலோமீற்றருக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

முதலில் வாசல். போர்த்துக்கேயர் 1620களில் மலைக்கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். பிறகு அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795 இல் ஆங்கிலேயர் பிடித்து, பின்னர் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரால் பிரெட்றிக் கோட்டை என்றார்கள். வாசல் நிலைக்கல்லில் இரட்டை மீனும் பழைய தமிழ் எழுத்தும் இன்றைக்கும் இருக்கின்றன. கோயிலின் கல் கோட்டைக்கு நிலையாக நிற்பதை அங்கே கண்ணால் காணலாம். ஓட்டோவில் போனால் அது தலைக்குப் பக்கத்தால் ஒரு நொடியில் கடந்துவிடும்.

உள்ளே இப்போதும் இராணுவ முகாம். காவலில் நிற்பவர்கள் பையைப் பார்க்கக் கேட்டால் காட்டுவது, முகாம் பக்கம் படம் எடுக்காமல் விடுவது, அவ்வளவுதான். பெரிய மரங்களின் நிழலில் புள்ளிமான்கள் நிற்கும். ஆளுக்குப் பயப்படாது, பையை மூக்கால் தள்ளிப் பார்க்கும். வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிற பொலித்தீனைத் தின்று இந்த மான்கள் சாகின்றன. அருச்சனைச் சாமானைத் துணிப்பையில் கொண்டுபோனால் ஓர் உயிருக்கு உதவி.

ஏற்றம் முடிகிற இடத்தில் கோயில். தேவாரம் பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டில் இது ஒன்று, மற்றது மன்னார்த் திருக்கேதீச்சரம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோணேசர், பக்கத்தில் மாதுமை அம்பாள். இப்போது கும்பிடுகிற கோயில் 1963 இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முன் 1950 இல் நகரில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் உட்படப் பழைய செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. கோயில் இடிந்த காலத்தில் யாரோ அடியார்கள் புதைத்துக் காப்பாற்றியவை என்றே ஊர் நம்புகிறது. மலைக்குக் கீழே கடலில் இன்னும் தூண்கள் கிடக்கின்றன. இலங்கையில் குடியிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1956 இல் சுழியோடிப் பார்த்து உலகுக்குச் சொன்னார்கள்.

கோயிலடியில் மலை பிளந்தது போன்ற ஒரு வெட்டு. இராவணன் வெட்டு என்பார்கள். எட்டிப் பார்த்தால் நேரே கீழே கடல். பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டிய சின்னத் தொட்டில்கள், மார்கழி மழையில் நனைந்து காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் காத்திருப்பு. அங்கே ஐந்து நிமிடமாவது பேசாமல் நில் என்றேன்.

பிறகு சாமான் கணக்கு. மலை உச்சிக் காற்றில் குடை புரண்டுவிடும், மழைக்கோட்டுத்தான் சரி. நனைந்த கல்லில் வெறுங்காலோடு நடக்கவேண்டும், பாசி வழுக்கும். அம்மாவின் ஒரு கை உன் தோளில், மறு கை சுவரில். உலர்ந்த சேலை ஒன்றும் துவாய் ஒன்றும் கட்டாயம். சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீர்.

“ஏறும்போது ஓட்டோவில போய், இறங்கும்போது நடந்தா அம்மாவுக்குச் சுகம்தானே?” என்று கேட்டாள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், நின்று நின்று போனால் சமாளிக்கலாம். இறக்கத்தில்தான் உடம்பின் பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். ஆகவே நடந்து ஏறு, ஓட்டோவில் இறங்கு. நெஞ்சு வருத்தம் உள்ளவருக்கு இதை மாற்றிப் போடவேண்டும். ஓட்டோக்காரரிடம் வாசலில் இறக்கும்போதே திரும்பக் கூட்டிப்போகிற நேரத்தையும் காசையும் பேசிக்கொள்வது நல்லது.

தேநீர் ஆறிப்போனது. தாளில் மிஞ்சியது மூன்றே வரி: கோணேசர், நேரமிருந்தால் பத்திரகாளி அம்மன், ரயில். கன்னியாவும் தம்பலகாமமும் வெருகலும் நிலாவெளியும் இன்னொரு லீவுக்கு. அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

மார்கழியில் வந்தார்கள். ரயிலால் இறங்கி என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணித்தியாலம் கொட்டியது. தாளில் மழைக்கு விட்ட நேரம் இருந்ததால் ஒருவரும் பதறவில்லை. விறாந்தையில் இருந்து தேநீர் குடித்தோம், தங்கச்சி தன் பாட்டில் திருவெம்பாவையை முணுமுணுத்தாள். மழை விட்டபின் கோட்டை வாசலில் ஓட்டோவை நிறுத்தி இறங்கினோம்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் தங்கச்சி. சின்ன வயதில் கூட்டத்தோடு ஓடியும், பிறகு வாகனத்திலும் எத்தனை முறை அந்த வாசலைக் கடந்திருப்பாளோ. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றவள் நிலைக்கல்லை நிமிர்ந்து பார்த்தாள். மழைநீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. ஈரத்தில் கல் கறுத்து, இரண்டு மீனும் தெளிவாகத் தெரிந்தன.

“இவ்வளவு காலமும் இதாலதானே போய் வந்தனான். இந்த மீனை ஒருநாளும் காணேல்லையே அக்கா.”

மகள் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. மூன்று பேரும் மெல்ல மேலே நடக்கத் தொடங்கினோம்.