65,536-ஆவது ஆள் யார்?

உப்பளத்துக் கூலிப் புத்தகம் ஒன்றில் ஆள் எண் எழுத மூன்றே கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 999 பேர் வரை சங்கடமில்லை. ஆயிரமாவது ஆள் வந்து நின்றால்? முன்னால் உள்ள 1 கட்டத்துக்கு வெளியே போய்விடும். 000 மட்டும் நிற்கும். அது முதலாளியின் எண்ணாக இருந்துவிட்டால், கூலிக்கு வந்தவர் கையில் பெட்டிச் சாவி!

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே சங்கடம் உண்டு. மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே இரும்பை வட்டாரம் உட்பட, தமிழகமெங்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2011 முதல் மடிக்கணினிகள் இலவசமாக வழங்கப்பட்டன அல்லவா? அவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ் லினக்ஸ்' என்பதும் இருந்தது. லினக்ஸ் நம்மைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால்தான் அறியும். சர்வ அதிகாரமும் படைத்த 'ரூட்'டுக்கு எண் 0. சாமானியரின் வரிசை, பாஸ் லினக்ஸின் தாய்வழியான டெபியனில், 1000-இல் தொடங்கும்.

பழைய லினக்ஸில் இந்த எண்ணுக்குப் பதினாறு கட்டங்கள்தாம். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. அதனால் 65,535க்கு மேல் எண் கிடையாது. 2001 ஜனவரியில் வெளியான 2.4 பதிப்பு கட்டங்களை முப்பத்திரண்டாக்கியது. சுமார் 429 கோடி எண்கள்!

ஆனால் பழைய புரோகிராம்கள் பதினாறு கட்டக் கணக்கையே பேசுகின்றன. நடுவே ஒரு துபாஷி தேவைப்பட்டார். புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அதுபோல. (பிள்ளையவர்கள் நாட்குறிப்பும் எழுதினார், இந்தத் துபாஷிக்கு அந்த வழக்கமில்லை.)

65,536 என்ற எண்ணின் கடைசிப் பதினாறு கட்டங்களை மட்டும் துபாஷி சொன்னால், பழைய புரோகிராமின் காதில் 0 என்றே விழும். சாமானியர் 'ரூட்' ஆகிவிடுவார்! ஆகவே 65,535ஐத் தாண்டிய எவரைப் பற்றிக் கேட்டாலும் துபாஷி 65,534 என்று சொல்லிவிடுகிறார். டெபியனில் அது 'யாருமில்லை' என்பவரின் எண். புத்திசாலித்தனமான பொய் என்றே சொல்ல வேண்டும். கோப்பைத் திறக்க அனுமதி தருவது லினக்ஸின் மையப் பகுதி. அது உண்மை எண்ணைத்தான் பார்க்கும். எனவே உரிமை பறிபோகாது.

இருந்தாலும் ஓர் ஓட்டை பாக்கி. 'இந்தக் கோப்பு என்னுடையதுதானா?' என்று தானே எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய புரோகிராமுக்கு 70,000-ஆம் ஆளும் 80,000-ஆம் ஆளும் ஒருவரேதான். இருவரும் 65,534!

வீட்டு மடிக்கணினியில் இந்த நெருக்கடி வராது. பல்லாயிரம் பேருக்குத் தாராளமாக எண் வழங்கும் பெரிய நிலையங்களின் சர்வரில் வரலாம். பழைய புரோகிராமின் மூல நிரல் கையில் இருந்தால் புதிய முறைக்கு மாற்றி அமைக்கலாம். அது தொலைந்திருந்தால், அதை உபயோகிப்பவர்களுக்கு மட்டும் 65,534க்குக் குறைந்த எண்களை ஒதுக்கி வைக்க வேண்டியதுதான்.