குலுக்கி, சுட்டு, குளிரவைத்து

1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பாயான் லெப்பாஸில் திறந்தபோது, பினாங்குக்கு வந்த வேலை சில்லுகளை வடிவமைப்பது அல்ல. வேறெங்கோ உருவான சில்லுகளைப் பொருத்திச் சோதிப்பது. அதே ஆண்டு வந்த ஹியூலட்-பேக்கார்டின் வாரிசான கீசைட், இன்றும் இங்கே அளவுக் கருவிகளைத் தயாரிக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக இத்தீவில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் இது. இருந்தும், “டிசைன் எல்லாம் அங்கே, நமக்கு வெறும் டெஸ்டிங்தான்” என்ற அலுப்பு இன்னும் போகவில்லை. சோதிப்பது இரண்டாந்தர வேலைதானா? பதில் வேண்டுமென்றால் விண்வெளிக்குப் போகும் அறிவியல் கருவிகளைப் பார்க்க வேண்டும். அங்கே பழுது பார்க்க ஆள் அனுப்ப முடியாது. கருவி எங்கே உடையும் என்பதைத் தரையில் இருக்கும்போதே கண்டுபிடித்தாக வேண்டும்.

முதல் கண்டம் ராக்கெட். கிளம்பிய சில நிமிடங்களுக்குள் கருவி படும் குலுக்கல், அதன் பிறகு ஆயுள் முழுவதும் அது படப்போவதைவிட அதிகம். எனவே கருவியை அதிர்வு மேடையில் திருகி இறுக்கி, உடம்பெங்கும் உணரிகளை ஒட்டுகிறார்கள். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் குலுக்குவதில்லை. முதலில் மெல்லிய அதிர்வைக் கொடுத்து, எந்தெந்த அதிர்வெண்ணில் கருவி தானாகத் துள்ளுகிறது என்று வரைபடம் எடுக்கிறார்கள். பிறகு முழுக் குலுக்கல். அது முடிந்ததும் மறுபடி அதே மெல்லிய அதிர்வு, மறுபடி வரைபடம். இரண்டு வரைபடங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் சரி. ஒரு முகடு இடம் மாறியிருந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் காதால் செய்வதும் இதைத்தான். நம் மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோள் 2009 ஏப்ரலில் கிளம்ப வேண்டியது. ஃபால்கன் 1 ராக்கெட்டின் அதிர்வு அதற்கு ஒத்துவருமா என்ற ஐயம் எழுந்ததால் ஏவுதல் தள்ளிப்போனது. இரண்டுக்கும் நடுவே அதிர்வைத் தணிக்கும் அமைப்பைச் சேர்த்த பிறகு ஜூலை 14 அன்றுதான் புறப்பட்டது.

அடுத்த கண்டம் வெற்றிடம். காற்று இல்லாததால் வெயில் படும் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும். தரையில் இதை நடித்துக் காட்ட ஓர் எஃகுக் கூடத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதன் உட்சுவர்களில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஓடவிடுகிறார்கள். சுடவைப்பதும் குளிரவைப்பதுமாக நாள்கணக்கில் மாறி மாறி நடக்கும். உறைகுளிரில் அணைத்துவிட்டுத் திரும்ப முடுக்கினால் உயிர் வருகிறதா என்று பார்ப்பார்கள். பசை, பிளாஸ்டிக் உறை போன்றவற்றிலிருந்து வெற்றிடத்தில் ஆவி கசியும். அது போய்ப் படிவது இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பில், பெரும்பாலும் கேமராவின் கண்ணில். ஆகவே முன்கூட்டியே பாகங்களைச் சூடேற்றி அந்த ஆவியை வெளியேற்றிவிடுவார்கள். சில்லுகளை 125 டிகிரியில் மணிக்கணக்காக இயக்கி, அற்பாயுசில் போகக்கூடியவற்றைக் களையும் ‘பர்ன்-இன்’ முறையைப் பாயான் லெப்பாஸில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எண்ணம் ஒன்றுதான்.

சோதனைக் கருவியே தவறாக இருந்தால்? 1990 ஏப்ரலில் ஹப்பிள் தொலைநோக்கி விண்ணுக்குப் போனது. படங்கள் மங்கலாக வந்தன. அதன் 2.4 மீட்டர் கண்ணாடி வியப்பூட்டும் துல்லியத்தோடு, ஆனால் தவறான வடிவத்தில் தேய்க்கப்பட்டிருந்தது. விளிம்பில் பிழை சுமார் 2.2 மைக்ரோமீட்டர். காரணம், கண்ணாடியை அளந்த கருவிக்குள் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி அமைந்திருந்தது. இதைவிட உறுத்துவது வேறொன்று. எளிமையான வேறு சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டத்தான் செய்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு அளவுகள் முரண்பட்டால் உயர்ந்த கருவி சொல்வதே உண்மை என்று எடுத்துக்கொள்வது சோதனை ஆகாது, அது பக்தி. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள். பூமிக்கு அருகில் சுற்றியதால்தான் அதுவும் முடிந்தது.

இத்தனை சோதனைக்குப் பணத்துக்கும் காலத்துக்கும் எங்கே போவது, மலிவான சிறு செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாணவர்கள் செய்யும் கியூப்சாட்டுக்கு அது நியாயம்தான். ஆனால் 1997இல் கிளம்பிய காசினி-ஹியூஜென்ஸ் விண்கலம் சனிக்கோளை அடைய ஏழு ஆண்டுகள் ஆயின. சனியின் டைட்டன் நிலவில் இறங்கவிருந்த ஹியூஜென்ஸ் அனுப்பும் வானொலிச் சமிக்ஞையைத் தாய்க்கலமான காசினி சரியாகக் கேட்கிறதா என்ற முழுமையான சோதனையைச் செலவு கருதித் தரையில் செய்யாமல் விட்டிருந்தார்கள். 2000இல், பயணத்தின் நடுவே, போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற பொறியாளர் அதை நடத்தியே தீர வேண்டும் என்று வற்புறுத்தினார். பூமியிலிருந்து போலிச் சமிக்ஞை அனுப்பிப் பார்த்ததில், வேக வேறுபாட்டால் ஏற்படும் டாப்ளர் மாற்றத்தை ஏற்பி தாங்காது என்று தெரிந்தது. காசினியின் பாதையை மாற்றியமைத்ததால் 2005 ஜனவரியில் டைட்டன் நிலவிலிருந்து தகவல்கள் பத்திரமாக வந்தன.

தரையில் எல்லாவற்றையும் நடித்துக் காட்ட முடியாது என்பது இதைவிட வலுவான எதிர்வாதம். புவியீர்ப்பை அணைத்துவைக்க வழியில்லை. இந்தியாவின் சந்திரயான்-2 நிலவுத் திட்டத்துக்கு நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் பாறையைப் பொடித்துச் சோதனைக்காகப் போலி நிலவு மண் தயாரித்தார்கள். 2019 செப்டம்பரில் தரையிறங்கு கலமோ மென்மையாக இறங்க முடியாமல் மோதிப்போனது. சோதித்த இடத்தில் பழுது வரவில்லை, வேறிடத்தில் வந்தது. இதனால் சோதனை வீண் என்று ஆகாது. எதைச் சோதிப்பது என்று யோசிப்பதே வேலையின் கடினமான பாதி என்று ஆகிறது. சந்திரயான்-3 குழு எது சரியாக நடக்கும் என்பதை விட்டு எவையெல்லாம் தவறலாம் என்று பட்டியலிட்டு வடிவமைத்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது.

பாயான் லெப்பாஸுக்கு வருவோம். பிறர் எழுதிக் கொடுத்த பட்டியலை லட்சக்கணக்கான சில்லுகளுக்கு ஓட்டுவதும், உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் கருவிக்குச் சோதனையைப் புதிதாக யோசிப்பதும் ஒன்றல்ல. அந்த அலுப்பில் உண்மை இருப்பது இந்த அளவுக்குத்தான். குறை சோதிக்கும் வேலையில் இல்லை, சோதனையை எழுதும் உரிமை நம்மிடம் இல்லாததில் இருக்கிறது. செயற்கைக்கோள்களைப் பொருத்திச் சோதிக்கும் மையம் சிலாங்கூரின் பந்திங்கில் இருக்கிறது. விண்வெளிப் பொறியியல் படிக்க நிபோங் தெபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு டெஸ்ட் இன்ஜினியர் வேலை கிடைத்தால் தயங்காமல் சேரட்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே, இந்தப் பட்டியலை எழுதியது யார், ஒவ்வொரு வரியும் எதற்காக இருக்கிறது, இதில் விட்டுப்போனது எது என்று கேட்கட்டும்.