மனச்சுமையைக் குறைக்கும் சிற்றுயிர்கள்

தென்கொரியாவின் டேகு நகரில், 65 வயதைத் தாண்டிய முதியவர்கள் 94 பேரை வைத்து வைத்திய ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனை ஒன்றின் பெறுபேறுகள் 2016ஆம் ஆண்டு வெளியாகின. அம்முதியவர்கள் எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு உடல்நலம் பேணுவது பற்றிய ஆலோசனைகள் மாத்திரம் வழங்கப்பட்டன. மற்றைய குழுவினருக்கு அதே ஆலோசனைகளுடன் ஒரு சிறிய கூடும், அதனுள் ஐந்து சில்வண்டுகளும், அவற்றைப் பராமரிக்கும் முறை பற்றிய அறிவுறுத்தல்களும் கொடுக்கப்பட்டன. சுவர்க்கோழி என்றும் எம்மவர் அழைக்கின்ற, இரவில் மூலைமுடுக்குகளில் இருந்து ஓயாது ஒலியெழுப்பும் அதே பூச்சிதான். எட்டு வாரங்களின் பின்னர் பரிசீலித்தபோது, பூச்சி வளர்த்த குழுவினரிடம் மனச்சோர்வின் அளவு மற்றவர்களிலும் பார்க்கக் குறைந்திருந்தது. நினைவு, கவனம் முதலான அறிதிறனை அளவிடும் பரிசோதனையிலும் அவர்கள் முன்னேறியிருந்தனர். இந்த நன்மை சிறியது முதல் நடுத்தரமானது வரையிலானது என்று ஆய்வாளர்களே அடக்கத்துடன் குறிப்பிட்டிருந்தனர். அந்த அடக்கமே இவ்வாய்வின் மீது எமக்கு நம்பிக்கையை ஏற்படுத்துகிறது.

கொரியாவில் இவ்வாறானதொரு ஆய்வு இடம்பெற்றது தற்செயலானதன்று. பூச்சி வளர்ப்பை ஒரு தொழிலாக ஊக்குவிப்பதற்கென 2010ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடு அது. கிழக்காசியாவில் இவ்வழக்கம் மிகப் பழைமையானதுமாகும். சீனாவில் தாங் வம்சத்தினர் ஆட்சி செய்த காலத்தில், அரண்மனைப் பெண்கள் சில்வண்டுகளைச் சிறு கூடுகளில் அடைத்துத் தலையணைக்கருகே வைத்து, இரவில் அவற்றின் ஒலியைக் கேட்டவாறு உறங்கினர் என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. உயர்ந்த மதில்களுக்குள் வாழ்ந்த அப்பெண்களின் தனிமைக்கும், டேகு நகரத்து முதியவர்களின் தனிமைக்கும் இடையில் ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்டுகள் கழிந்துள்ளன. துணையாக வந்த உயிரினம் மாறவில்லை.

நாயும் பூனையும் மனிதனுக்கு ஆறுதலளிப்பதை விளங்கிக்கொள்வதில் எவருக்கும் சிரமமில்லை. அவை வாலாட்டும், மடியில் ஏறும், வீட்டுக்காரர் திரும்பி வந்தால் வாசலுக்கு ஓடிவரும். சில்வண்டு இவற்றில் எதையும் செய்யாது. தன்னை வளர்ப்பவர் யார் என்பதைக்கூட அது அறியாது. அவ்வாறெனில் அந்த முதியவர்களின் மனச்சோர்வைக் குறைத்தது எது?

இக்கேள்விக்கு விடை தேட உதவும் ஆய்வொன்று 2003ஆம் ஆண்டு டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. சுகதேகிகளான 58 பேரிடம் பெரிய உரோமச் சிலந்தியொன்றைக் காட்டி, அதனைக் கையில் ஏந்தும்படி கேட்கப்படலாம் என்று கூறி, முதலில் அவர்களுக்குப் பதகளிப்பை உண்டாக்கினர். அதன் பின்னர் சிலரிடம் உயிருள்ள முயல், சிலரிடம் உயிருள்ள ஆமை, சிலரிடம் விளையாட்டு முயல், சிலரிடம் விளையாட்டு ஆமை என்று கொடுத்துத் தடவிக்கொண்டிருக்கச் செய்தனர். எஞ்சியோர் வெறுமனே ஓய்வெடுத்தனர். உயிருள்ள பிராணியைத் தடவியவர்களிடமே பதகளிப்புக் குறைந்தது. இங்கு எம்மைக் கவர்வது ஆமையாகும். முயலின் மென்மையான உரோமம் அளித்த அமைதியை ஆமையின் கடினமான ஓடும் அளித்தது. பஞ்சுபோன்ற விளையாட்டு முயலோ அதனை அளிக்கவில்லை. ஆகவே மனத்தைத் தணித்தது தொடுகையின் மென்மை அன்று, கையிலிருப்பது ஓர் உயிர் என்ற உணர்வே என்று கொள்ள இடமுண்டு. பிராணிகளில் விருப்பமுள்ளவர்களிடம் மாத்திரமன்றி, பெரிய விருப்பம் இல்லாதவர்களிடமும் இதே மாற்றம் காணப்பட்டது.

தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் பயன் தருகிறது என்பதற்கு மீன்தொட்டி சான்றாகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரன் கெச்சரும் அவரது சகாக்களும் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பல் சத்திரசிகிச்சைக்காகக் காத்திருந்த நோயாளர்களுள் ஒரு பகுதியினர் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்குமாறு கேட்கப்பட்டனர். சிலர் அறிதுயில் நிலைக்கு உட்படுத்தப்பட்டனர். மீன்களைப் பார்த்திருந்தவர்கள், அறிதுயிலுக்கு உட்படுத்தப்பட்டவர்களைப் போன்றே சிகிச்சையின்போது அமைதியாக இருந்தனர். இரண்டையும் சேர்த்துச் செய்ததால் மேலதிகப் பயன் எதுவும் கிடைக்கவில்லை. பயிற்சி பெற்ற நிபுணர் ஒருவர் செய்யும் பணியைச் சில மீன்கள் சம்பளமின்றிச் செய்துவிட்டன என்றும் இதனைக் கூறலாம்.

பிரித்தானியாவின் பிளிமத் நகரிலுள்ள தேசிய கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் பெரிய தொட்டியொன்று திருத்தியமைக்கப்பட்டு, அதனுள் கட்டம் கட்டமாக மீன்கள் விடப்பட்ட சந்தர்ப்பத்தை ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டனர். 2015ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வின்படி, நீரும் செயற்கைப் பாறைகளும் மாத்திரம் இருந்த தொட்டியைப் பார்த்தவர்களிடமும் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் தணிந்தன. மீன்கள் பெருகப் பெருகப் பார்வையாளர்கள் அதிக நேரம் நின்று பார்த்தனர். அவர்களது மனநிலையும் மேலும் சீரடைந்தது. அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்களான நான்சி எட்வேர்ட்ஸ், அலன் பெக் ஆகியோர் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு எம்மை இதனிலும் அதிகமாகச் சிந்திக்க வைக்கிறது. அல்சைமர் எனும் மறதி நோய் முற்றியவர்கள் உணவு மேசையில் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் எழுந்து செல்வதும், அதனால் உடல் மெலிவதும் பராமரிப்பு இல்லங்களில் நாளாந்தம் காணப்படும் துயரமாகும். உணவு மண்டபத்தில் மீன்தொட்டி வைக்கப்பட்ட பின்னர், 62 நோயாளர்கள் உட்கொண்ட உணவின் அளவு முதல் இரு வாரங்களில் 21 வீதத்தாலும் அதனைத் தொடர்ந்த ஆறு வாரங்களில் 27 வீதத்தாலும் அதிகரித்தது. அவர்கள் எடையும் கூடினர்.

பதகளிப்புக்கு உள்ளானவரின் மனம் ஒன்றில் நடந்து முடிந்ததையே சுற்றிச் சுற்றி வரும், அல்லது நடக்கப்போவதை எண்ணி நடுங்கும். அதனை இந்தக் கணத்தில் கட்டிவைப்பது எளிதன்று. அசையும் மீன், ஊரும் நத்தை, ஒலியெழுப்பும் பூச்சி ஆகியன எவ்வித வற்புறுத்தலும் இன்றிக் கவனத்தைத் தம்பால் ஈர்த்துவிடுகின்றன. இது ஒரு காரணம். மற்றையது கடமை. நாளை காலையில் கூட்டைத் திறந்து உணவு வைக்க வேண்டும், நீர் ஊற்ற வேண்டும் என்ற சிறிய கட்டாயம், எழுந்திருப்பதற்கே காரணமற்றுக் கிடந்த ஒருவருக்குக் காரணம் ஒன்றைக் கொடுக்கிறது. பிறர் தயவில் வாழ்பவராகத் தன்னைக் கருதிய முதியவர், தன் தயவில் வாழும் ஓர் உயிரைக் காண்கிறார். மருந்துச் சீட்டில் எழுத முடியாத பெறுமதி இதற்கு உண்டு.

எலிசபெத் டோவா பெய்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்று இதனை அருகிலிருந்து காட்டுகிறது. தொற்றுநோயொன்றின் விளைவாகப் படுக்கையிலிருந்து எழ இயலாதிருந்த அவருக்கு, நண்பி ஒருவர் கொண்டுவந்த பூச்சாடியில் காட்டு நத்தையொன்றும் வந்து சேர்ந்தது. முதலில் அதனை வைத்து என்ன செய்வதென்றே அவருக்குத் தெரியவில்லை. காகிதத்தில் சதுரமான துளைகளைக் கண்டபோதுதான் அதற்குப் பசிக்கிறது என்பதை அவர் உணர்ந்தார். வாடிய பூவிதழ்களை வைத்தார். இரவின் நிசப்தத்தில் நத்தை உண்ணும் ஓசை அவருக்குக் கேட்டது. ஓடியாடித் திரியும் உலகம் தன்னைக் கைவிட்டுச் சென்றதாக உணர்ந்தவருக்கு, தனது வேகத்திலேயே வாழும் துணையொன்று கிடைத்தது. சுறுசுறுப்பான நாய்க்குட்டியொன்று அங்கு வந்திருந்தால் அது அவருக்குச் சுமையாகவே அமைந்திருக்கும்.

பிள்ளைகளுக்கும் இது பொருந்துவதாகத் தெரிகிறது. அவுஸ்திரேலியாவின் ஆரம்பப் பாடசாலைகளில் மார்கரிட் ஓஹேர் என்ற ஆய்வாளர் தலைமையில் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஒட்டிசம் உள்ள பிள்ளைகளின் மணிக்கட்டில் தோலின் மின்கடத்துதிறனை அளக்கும் பட்டி அணிவிக்கப்பட்டது. மனக்கிளர்ச்சி கூடும்போது இந்த அளவும் கூடும். சக மாணவருடன் இருந்து வாசிக்கும்போதும் விளையாட்டுப் பொருட்களுடன் விளையாடும்போதும் உயர்ந்திருந்த இந்த அளவு, கினிப்பன்றி எனும் சிறிய கொறிவிலங்குகள் அருகில் இருந்தபோது தாழ்ந்தது. மனிதர் முகத்தைப் பார்ப்பதே வேதனையாக உள்ள பிள்ளைக்கு, தன்னை மதிப்பிடாத ஒரு பிராணி இடையில் இருப்பது ஆறுதலளிக்கிறது.

ஆயினும் இவ்விடயத்தில் மிகைக் கூற்றுகளும் மலிந்துள்ளன. பிராணி வளர்ப்பவர் அனைவரும் மகிழ்ச்சியாக வாழ்வதாகப் பிராணி வியாபாரிகள் செய்யும் விளம்பரத்தை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. அமெரிக்க உளவியலாளரான ஹல் ஹேர்சொக் 2011ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், சில ஆய்வுகள் நன்மையையும் சில எவ்வித வேறுபாடும் இன்மையையும் வேறு சில பாதகத்தையும் காட்டுவதை எடுத்துரைத்தார். வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்களே பிராணி வளர்க்க முன்வருகிறார்கள் என்றால், எது காரணம், எது விளைவு என்பதைப் பிரித்தறிவது கடினம். டேகு நகரப் பரிசோதனைபோல் எழுமாற்றாகப் பிரித்து நடத்தப்பட்ட ஆய்வுகள் முக்கியத்துவம் பெறுவது இதனாலேயே.

மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டியுள்ளது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேற்குப் பகுதியில், முன்னாள் படையினருக்கான வைத்திய வளாகத்தினுள் கிளிகளுக்கான சரணாலயம் ஒன்று உள்ளது. லோரின் லிண்ட்னர் என்ற உளவியலாளர் இதனை ஆரம்பித்தார். போரினால் மனவடுவுக்குள்ளாகி, குழுச் சிகிச்சையில் வாய்திறக்க மறுத்தவர்கள் கிளிகளுக்குக் கூடமைத்து உணவூட்டும்போது மெல்லப் பேசத் தொடங்கியதை அவர் கண்டார். அக்கிளிகள் அங்கு வந்த கதை வேறானது. வீடுகளில் ஆசையாக வாங்கப்பட்டு, கூண்டில் தனிமையில் வாடி, தமது இறகுகளைத் தாமே பிடுங்கிக்கொள்ளும் நிலையில் கைவிடப்பட்டவை அவற்றுள் பல. பெருங்கிளிகள் ஐம்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியவை. கூட்டமாக வாழப் பிறந்தவை. மனிதரின் தனிமையைப் போக்க அவற்றைத் தனிமைப்படுத்தினால், வீட்டில் நோயாளர் இருவராவர்.

எமது நாட்டில் இந்த எச்சரிக்கைக்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. நட்சத்திர ஆமையும் தேவாங்கும் இலங்கையில் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். அவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். நட்சத்திர ஆமையின் சர்வதேச வணிகத்தைத் தடைசெய்யும் பட்டியலில் அது 2019ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அதற்கான முன்மொழிவை இலங்கையும் இந்தியா, பங்களாதேஷ், செனகல் ஆகிய நாடுகளுடன் இணைந்தே முன்வைத்தது. பெய்லியின் கதையை வாசித்துத் தோட்டத்து நத்தையைப் பிடிக்க எண்ணுவோரும் சற்றுப் பொறுக்க வேண்டும். எமது தோட்டங்களில் காணப்படும் பெரிய நத்தை, 1900ஆம் ஆண்டளவில் இங்கு கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க இனமாகும். பயிர்களை அழிப்பதோடு, மூளை உறையழற்சியை ஏற்படுத்தக்கூடிய ஒட்டுண்ணியையும் அது காவக்கூடும். ஆமை முதலிய ஊர்வனவற்றில் சல்மொனெல்லா கிருமி இருப்பது சாதாரணம். சிறுவர்களுக்கு ஏற்படும் தொற்றைக் கருதியே, நான்கு அங்குலத்திலும் சிறிய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975ஆம் ஆண்டு தடைசெய்தது. கடையில் 'டாங்க் கிளீனர்' என்று விற்கப்படும் மீன் பெருத்துவிட்டால் அதனைக் குளத்தில் விட்டுவிடுவோரும் உளர். சுதேச மீன்களுக்கு இழைக்கப்படும் கேடு அது.

இவற்றையெல்லாம் விலக்கிய பின்னரும் எஞ்சுபவை போதுமானவை. பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட, பெரிய வீட்டில் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் பெற்றோர் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். கொழும்பின் தொடர்மாடிகளில் நாய் வளர்க்க இடமில்லை. முஸ்லிம் இல்லங்களில் காவல், மந்தை மேய்ப்பு போன்ற தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பது மார்க்க அடிப்படையில் தவிர்க்கப்படுகிறது. ஆயினும் பறவை வளர்ப்புக்கு அங்கே அன்பான முன்னுதாரணம் உண்டு. அபூ உமைர் என்ற சிறுவன் தன் சின்னஞ்சிறு பறவையை இழந்து வாடியிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்பறவையைப் பற்றிப் பரிவுடன் அவனிடம் விசாரித்த செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டனைக்குள்ளான செய்தியும் அதே நூல்களில் உள்ளது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கப்பிகளும் பொன்மீன்களும் நீந்தும் தொட்டி, ஜோடியாக வளர்க்கப்படும் 'லவ்பேர்ட்ஸ்', இரண்டு முயல்கள் போன்றவை சட்டத்துக்கும் சுகாதாரத்துக்கும் இசைவானவை. பராமரிக்கும் பொறுப்பை முதியவரிடமே விட்டுவிட வேண்டும். பிள்ளைகளோ பணியாளரோ உணவிட்டால், பார்க்கும் பயன் கிடைக்கும். கடமையின் பயன் கிடைக்காது. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியோர், ஆஸ்துமா உள்ளோர் முதலில் வைத்தியரிடம் கேட்டறிவது அவசியம். முழுமையாக வளர்ந்த சில்வண்டின் ஆயுள் சில வாரங்களே என்பதையும், மீன்களும் இறக்கும் என்பதையும் முன்கூட்டியே எடுத்துரைத்தல் நன்று. அண்மையில் துணையை இழந்த ஒருவருக்கு அந்தச் சிறிய இறப்பும் பாரமாகலாம்.

வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, உயிர் வாழ்வதிலேயே சலிப்பு ஆகியன தொடருமாயின் அது மீன்தொட்டியால் தீரும் விடயமன்று. அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை இரவிலும் பகலிலும் அழைக்கலாம்.